உறுமாத உறுமி



எங்கள் தாமானில் குப்பைத் தொட்டியில் அடங்காத பொருள்களை வேலிக்கு வெளியே புல்தரையில் வைத்துவிடுவது வழக்கம். பழைய மெத்தை, கால் உடைந்த நாற்காலி, துருப்பிடித்த மின்விசிறி. கடந்த சில ஆண்டுகளாக அந்த வரிசையில் இன்னொன்றும் தவறாமல் இடம்பெறுகிறது. ஸ்டீரியோ! 1990களில் நம் வீட்டு வரவேற்பறைகளில் மாப்பிள்ளையைப் போல் வீற்றிருந்ததே, அதே ஸ்டீரியோதான். தவணை முறையில் மாதாமாதம் பணம் கட்டி வாங்கி, மேலே பின்னல் துணி போர்த்தி, பிள்ளைகளின் கை படாமல் காத்த பொருள். இன்று மழையில் நனைந்துகொண்டு கிடக்கிறது.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில், நான்கு வீடு தள்ளியிருக்கும் அண்ணன் அப்படி ஒன்றைத் தூக்கிவந்து வைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"கேசட் இழுக்கல டீச்சர். சிடியும் படிக்கல. இப்போ யாரு இதுல பாட்டு கேக்கறா? எல்லாம் லேப்டாப்புலயே வந்திடுதே."

எல்லாம் வந்துவிடுகிறதாம். இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு. பெற்றோரும் என் சக ஆசிரியர்களும் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

அண்ணனின் அனுமதியோடு அந்த ஸ்டீரியோவை என் காரில் ஏற்றிக்கொண்டேன். வீட்டில் துடைத்துப் பார்த்தபோது அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. ஒலிநாடாப் பகுதியின் ரப்பர் வார் இற்றுப்போயிருந்தது. குறுவட்டுப் பகுதி வட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கைவிரித்தது. ஆனால், முன்பக்கக் குமிழை 'ஆக்ஸ்' என்ற இடத்துக்குத் திருப்பினால் ஒலிபெருக்கி உயிரோடிருந்தது. இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் பழுதில்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஸ்டீரியோவில் முதலில் சாவது சுழலும் பகுதிகள்தாம். வார் இறுகும், மோட்டார் தேயும், குறுவட்டைப் படிக்கும் லேசர் மங்கும். ஒலிபெருக்கியும் பெட்டிகளும் அவற்றைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழும். (நம் நாட்டுப் புழுக்கத்தில் ஸ்பீக்கரின் ஓரத்து நுரை வளையம் உதிர்வது உண்டு. அதையும் மாற்ற முடியும்.) ஆக, அண்ணன் எறிந்தது குரல் நன்றாக இருந்து பாட்டு மட்டும் தீர்ந்துபோன ஒரு பெட்டி. அவர் மேசையிலோ பாட்டு நிறைந்து குரலே இல்லாத ஒரு பெட்டி இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கம்பியின் விலை கடைத்தெருவில் பத்து வெள்ளி.

இனி வகுப்பறைக்கு வருகிறேன்.

நான்காம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழர் இசைக்கருவிகளைப் பற்றிப் பாடம். வழக்கம்போல் மடிக்கணினியைத் திறந்து, உறுமி மேளப் பதிவு ஒன்றை ஒலிக்கவிட்டேன். இந்த மண்ணில் உறுமியைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழா தொடங்கித் தைப்பூசக் காவடி வரைக்கும் அதன் ஓசையோடு வளர்ந்தவர்கள் நாம். இடை சுருங்கிய அந்தக் கருவியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் தாழ்ந்த முனகல் இருக்கிறதே, அதுதான் உறுமி. மற்றதெல்லாம் தாளம். நான் பெருமையோடு மாணவர்களைப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஒரு பையன். அவன் அப்பா உறுமி மேளக் குழுவில் இருப்பவர். கையைத் தூக்கினான்.

"டீச்சர், இது உறுமி இல்ல. டப்பா."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவன் சொன்னது சரி. மடிக்கணினியிலிருந்து 'டக் டக்' என்ற குச்சி ஓசை மட்டுமே வந்துகொண்டிருந்தது. உறுமல் இல்லை. எனக்கோ அது கேட்டது! அது எப்படி என்று அன்றிரவு யோசித்தேன், படித்தும் பார்த்தேன். தாழ்ந்த சுருதியின் அடிப்படை அதிர்வு காணாமல் போனாலும், அதன் மேலதிர்வுகளைக் கொண்டு மூளை அந்தச் சுருதியை ஊகித்துக்கொள்ளும் என்பது அறிவியல் ஒப்பிய செய்தி. அதோடு நினைவும் கைகொடுக்கிறது. நாற்பது ஆண்டுகளாகக் கேட்ட உறுமியை என் நினைவு அந்த வெற்று ஓசைக்குமேல் ஏற்றிக்கொண்டது. அந்தப் பையனும் உண்மையான உறுமியைக் கேட்டவன், நேற்றுக்கூடக் கேட்டிருப்பான். அதனால்தான் ஏமாற மறுத்தான். ஆனால், அந்த வகுப்பில் அவனைப் போல் எத்தனை பேர்? எஞ்சிய பிள்ளைகள் அந்த டப்பா ஓசையையே உறுமி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

என் சினத்தின் வேர் இங்கே இருக்கிறது. மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் பாட்டுக் கேட்கும் பெரியவர்களாகிய நமக்குக் குறை தெரிவதில்லை. முன்பே நன்றாகக் கேட்டுவிட்டோம். பிள்ளைகளிடம் அப்படி நினைவு ஏதும் இல்லை. அவர்களுக்கு முதல் ஓசையே அரைகுறை ஓசை.

அடுத்த நாள் அந்தக் குப்பை ஸ்டீரியோவை வகுப்புக்குக் கொண்டு போனேன். அதே மடிக்கணினி, அதே கோப்பு, நடுவே அந்தப் பத்து வெள்ளிக் கம்பி. உறுமி உறுமியது. மேசை மீதிருந்த பென்சில் பெட்டி அதிர்ந்தது. கடைசி வரிசைப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டான்.

காரணம் மிக எளிது. 60 ஹெர்ட்ஸ் ஓசை என்றால் ஸ்பீக்கர் ஒரு நொடியில் 60 முறை காற்றைத் தள்ளியிழுக்க வேண்டும். ஓசை தாழத் தாழத் தள்ள வேண்டிய காற்றின் அளவு கூடும். நாணயம் அளவேயுள்ள மடிக்கணினி ஸ்பீக்கரால் அது முடியாது. பெரும்பாலானவை ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துபோகும். மிருதங்கத்தில் வலந்தலை கேட்கும். தொப்பியின் கும்காரம் போய்விடும். தவிலில் பாதி போய்விடும். தம்புராவின் மந்தரம் மெலிந்து கொசுவின் ரீங்காரம் ஆகிவிடும். இதற்குக் கணினியைக் குறை சொல்லக்கூடாது. கோப்புக்குள் எல்லாமே இருக்கிறது. வெளியே வர வாசல் இல்லை, அவ்வளவுதான்.

இப்படிச் சொன்னால் எதிர்த்திசையிலிருந்து வேறொரு கூட்டம் வந்துவிடுகிறது. இவர்கள் 'இசை வல்லுநர்கள்'. கணினியா? அதிலிருந்து வருவது இசையே அல்ல, எண்களின் கூட்டல் கழித்தல், உயிரற்றது என்பார்கள். 1982இல் விற்பனைக்கு வந்த குறுவட்டும் அதே எண்கள்தாம் ஐயா! நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட் அளவில், இடம் வலம் என இரண்டு தடங்கள். அந்த வட்டைக் கணினியில் பிழையின்றிப் படித்துச் சேமித்தால், வன்தட்டில் இருப்பதும் வட்டில் இருப்பதும் ஒன்றே. வட்டில் உயிர் உண்டு, வன்தட்டில் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஒரு கடையில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். கணினியை ஸ்டீரியோவுடன் இணைக்கக் கம்பி வேண்டும் என்றேன். விற்பனையாளர் முந்நூறு வெள்ளிக் கம்பியைப் பட்டுத் துணியில் வைத்துக் காட்டினார். பொன்முலாம் பூசியதாம், பாடகரின் மூச்சு விடுவதுகூடக் கேட்குமாம். "பத்து வெள்ளிக் கம்பியில் பாடகர் மூச்சு விடாமலா பாடுகிறார்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒழுங்காகப் பற்றவைத்த, ஒன்றிரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கம்பி ஒரு வீட்டுக்குப் போதும். அந்த முந்நூறு வெள்ளியில் பிள்ளைக்கு மிருதங்க வகுப்புக் கட்டணம் கட்டலாமே.

குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. கணினியின் உள்ளே பல மின்சுற்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. காதணித் துளையில் சில நேரம் சீறலும் கீச்சொலியும் கலந்து வரும். மின்னூட்டியைச் செருகியதும் ஸ்டீரியோவில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் எழுந்தால் (இது உறுமி அல்ல!), மின்னூட்டியைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றுவிட்டால், நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நிலக்கம்பி வழியாகச் சுற்றி வருகிறது என்று பொருள். பாட்டுக் கேட்கும் நேரம் மட்டும் மின்கலத்தில் ஓட்டினால் தீர்ந்தது. சீறல் தொல்லை தாங்கவில்லையென்றால் யூஎஸ்பி துளையில் செருகும் வெளி ஒலியட்டை ஒன்று வாங்கலாம். எண்களை ஓசை அலையாக மாற்றும் வேலையை அது கணினிக்கு வெளியே செய்கிறது. பணம் செலவழிக்க விரும்புகிறவர்கள் கம்பியில் கொட்டாமல் இதில் செலவழிக்கட்டும்.

இணைப்பது எப்படி என்று கேட்கும் பெற்றோருக்கு: ஒரு முனையில் காதணிச் செருகியும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளை என இரு செருகிகளும் உள்ள கம்பி. ஸ்டீரியோவை அணைத்துவிட்டுச் செருகுங்கள். பின்புறம் 'ஆக்ஸ்' என்றோ 'லைன் இன்' என்றோ எழுதிய துளைகளில் செருக வேண்டும். 'ஃபோனோ' என்று எழுதியிருந்தால் அதில் வேண்டாம். அது இசைத்தட்டுக் கருவியின் மெல்லிய ஓசைக்கானது, கணினியின் ஓசையை அலறலாக்கிவிடும். கணினியின் ஒலியளவை முழுமைக்குச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஸ்டீரியோவின் குமிழில் செய்யுங்கள். விண்டோஸில் 'ஒலி மேம்பாடு' என்ற பெயரில் வரும் வித்தைகளை நிறுத்திவிடுங்கள். அறிவிப்பு ஒலிகளையும் நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் இதை மறந்ததால், கந்த சஷ்டி கவசம் ஓடிக்கொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்த ஒலி இடிபோல் முழங்கி, என் மாமியார் விளக்கையே தட்டிவிட்டார்.

புளூடூத் ஸ்பீக்கர் போதாதா என்று கேட்பார்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆனால், கையடக்கமான ஒற்றைப் பெட்டிக்குள் இடமும் வலமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். நாயனம் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம் என்று கண்ணை மூடிக் கேட்க, இடைவெளி விட்டு வைத்த இரண்டு பெட்டிகள் வேண்டும். அவைதாம் உங்கள் வேலிக்கு வெளியே நனைகின்றன.

இனி, எழுதத் தயங்கிய ஒன்று.

என் அப்பா தோட்டத்தில் மரம் சீவியவர். 1980களில் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களை ஒரு சிறிய பதிவுக் கருவியில் பதிந்து வைப்பார். உறுமி, பெண்களின் கும்மி, நடுநடுவே நாளையும் ஆண்டையும் சொல்லும் அவருடைய குரல். பதினான்கு ஒலிநாடாக்கள். 2009இல் அவர் மறைந்தார். புழுக்கத்தில் நாடாக்களில் பூஞ்சணம் படர்வதைப் பார்த்துப் பயந்து, 2011இல் அவற்றை ஒரு கடையில் கொடுத்துக் கணினிக் கோப்புகளாக மாற்றச் சொன்னேன். ஒரு வாரத்தில் ஒரு விரலியில் எல்லாம் வந்துவிட்டன. நாடாக்கள் வேண்டுமா என்று கேட்டார்கள். இடத்தை அடைக்கின்றன, நீங்களே போட்டுவிடுங்கள் என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். பயிற்சிக் கல்லூரியில் 'கல்வித் தொழில்நுட்பம்' படித்துத் தேறியவள்!

மடிக்கணினியில் கேட்டபோது நன்றாகவே இருந்தது. பல ஆண்டுகள் கழித்து, சென்ற ஆண்டுதான், அந்தக் குப்பை ஸ்டீரியோவில் இணைத்துக் கேட்டேன். நல்ல பெட்டி குறையை மறைக்காதே. ஒலிவாங்கிக்கான துளையில் செருகிப் பதிந்திருக்கிறார்கள். மேளம் ஓங்கும் இடமெல்லாம் ஓசை உடைந்து சிதறியிருக்கிறது. அதற்குமேல் இரைச்சல் நீக்கம் என்று எதையோ செய்து, அப்பாவின் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருகிறது. போதாக்குறைக்கு 64 கிலோபிட் எம்பி3 ஆக நசுக்கியிருக்கிறார்கள். குறுவட்டுத் தரம் நொடிக்கு 1,411 கிலோபிட். கணக்கை நீங்களே பாருங்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

எம்பி3 என்பது காதுக்குத் தெரியாது என்று தான் கருதுவதை எறிந்துவிட்டுக் கோப்பைச் சிறிதாக்கும் முறை. எறிந்தது எறிந்ததுதான். 64ஐ 320 ஆக மாற்றினாலும் போனது திரும்பாது. நீர்த்த பாலை அண்டாவில் ஊற்றினால் கெட்டியாகுமா? நான் பயிற்சிக் கல்லூரியில் இருந்த காலத்தில் வன்தட்டு சிறியது, வட்டு விலை கூடுதல். ஒரே வட்டில் 140 பாடல்களைத் திணித்துத் தோழிகளுக்குள் மாற்றிக்கொண்டோம். அன்று அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று ஒரு டெராபைட் வன்தட்டில் 90 நிமிட ஒலிநாடாக்கள் ஆயிரத்தை நசுக்காமலே வைக்கலாம். 2001இல் வெளிவந்த ஃபிளாக் முறையைக் கையாண்டால் ஒரு பிட்டும் இழக்காமல் கோப்பு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும். அதுவும் இலவசம். பிறகும் ஏன் நம் மக்கள் ஐயாயிரம் பாட்டு அடங்கிய விரலியை வாங்கி, அடங்கியிருப்பது என்ன தரம் என்றுகூடக் கேட்காமல் காரில் செருகுகிறார்கள்?

உங்கள் வீட்டில் இன்னும் ஒலிநாடாக்கள் இருந்தால், தயவுசெய்து கடையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஓடும் கருவி ஒன்றை இரவல் வாங்குங்கள். அதன் 'லைன் அவுட்' துளையிலிருந்து கணினியின் 'லைன் இன்' துளைக்கு, அது இல்லாத மடிக்கணினியென்றால் யூஎஸ்பி ஒலியட்டை வழியாக, இணையுங்கள். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், அளவுக்கோடு சிவப்பைத் தொடாதபடி பதியுங்கள். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி இல்லை. பதிந்ததைத் திருத்தாமல் இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். ஒன்று சாகும், எப்போது என்பதுதான் தெரியாது. நாடாவையும் வைத்திருங்கள்.

பெற்றோரிடம் ஒரு கேள்வி. 2020இல் மார்ச் 18ஆம் நாள் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, இயங்கலை வகுப்புக்காகக் கடன்பட்டாவது மடிக்கணினி வாங்கினீர்கள். அது இப்போது எங்கே? பிள்ளையின் அறையில், கதவுக்குப் பின்னால், காதணியோடு. பிள்ளை என்ன கேட்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் என்ன கேட்டு வளர்ந்தீர்கள் என்று பிள்ளைக்கும் தெரியாது. காதணியில் ஒலியளவு எவ்வளவு என்பதும் தெரியாது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. கூடத்தில் ஒலிக்கும் ஸ்டீரியோவின் அளவைப் பாட்டியே கண்காணிப்பார். வேறு கருவி வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை மடிக்கணினி கூடத்துக்கு வரும். ஆளுக்கொரு பாட்டு, முறை வைத்து. மாமியார் சீர்காழி கோவிந்தராஜனைக் கேட்பார். என் மகன் கொரியப் பாட்டு ஒன்றைப் போடுவான். ஒருவர் பாட்டை மற்றவர் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும் என்பது விதி. சுளிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் போன மாதம், "பாட்டி, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று அவன் பாட்டை நிறுத்திக் கேட்டான். நான் வகுப்பில் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளைக் கேட்க வைக்கப் பாடுபடும் கேள்வி அது. படிப்புக் கெடும் என்போருக்கு இதற்குமேல் என்ன சொல்வது? அண்டை வீட்டாருக்குத் தொல்லை என்போருக்கு மட்டும் ஒரு வார்த்தை: நல்ல பெட்டியில் ஓசை நிறைவாக இருக்க உரத்து வைக்கத் தேவையில்லை. மடிக்கணினியில்தான் போதாமல் போதாமல் கூட்டிக்கொண்டே போவோம்.

கடைசியாக என் சக ஆசிரியர்கள். திங்கட்கிழமை சபைகூடலில் நாம் செய்வதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பாட்டு கைப்பேசியில் ஓடும். ஒரு மாணவத் தலைவர் ஒலிவாங்கியை அந்தக் கைப்பேசியின் வாயருகே பிடித்துக்கொண்டு நிற்பார். நாணயம் அளவு ஸ்பீக்கரிலிருந்து வந்ததை ஒலிவாங்கி வாங்கி, காற்றோடும் காக்கைக் கரைச்சலோடும் சேர்த்து, திடல் முழுக்க இறைக்கும். அந்த ஒலிபெருக்கியின் பின்னால் இரண்டு துளைகள் பல ஆண்டுகளாகத் தூசி படிந்து காத்திருக்கின்றன. போன வாரம் டார்ச் விளக்கடித்துப் பார்த்துவிட்டேன். 'ஆக்ஸ்' என்றுதான் எழுதியிருக்கிறது. வரும் திங்கட்கிழமை கம்பி என் கைப்பையில் இருக்கும். மடிக்கணினியை யாராவது கொண்டு வாருங்கள்.